குடைக்கம்பித் தண்டவாளம்

எங்கள் வீட்டு முன்னறைக்கு ரயில் வந்தது ஒரு கைவண்டியில். ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஸ்டேஷன் ரோட்டிலிருந்து இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை. அதன் மேல் நீள்வட்டமாக ஒரு தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கைகாட்டி மரம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படுதாவால் போர்த்தியிருந்ததால், யாரையோ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்று தெருவே நினைத்துவிட்டது. எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது. உள்ளே இருப்பது பொம்மை ரயில் என்று தெரிந்ததும் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

பலகை வாசலுக்குள் நுழையவில்லை. அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கக் கதவைக் கழற்றினார். இரண்டு பெஞ்சுகளைப் போட்டு அதன் மேல் பலகையை வைத்த பிறகு, முன்னறையில் ஆள் நடக்க மிஞ்சியது ஒரு முழ அகலம்தான். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார், கொஞ்சம் உடம்புக்காரர். அன்றிலிருந்து தன் வீட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் நடந்தார்.

இந்த ஏற்பாடு முழுக்க அத்தையால் வந்தது. அத்தை அப்பாவுடைய ஒரே தங்கை. நான் ஆறாம் வகுப்பு படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அது ஏன் என்று நான் யோசித்ததே கிடையாது. சில வீடுகளில் கிணறு இருப்பதுபோல எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். எப்போதாவது சொந்தக்காரர் யாராவது ஒரு வரனைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் ஊரிலோ குடும்பத்திலோ மூக்கிலோ ஒரு குறையைக் கண்டுபிடிப்பார். தங்கை மேல் அவருக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து நடக்கப்போகிற விஞ்ஞானக் கண்காட்சிக்கு, கரி எஞ்சினிலிருந்து டீசல் எஞ்சின் வரை ரயில் வளர்ந்த கதையை வைக்கலாம் என்று அத்தைக்குத் தோன்றியிருக்கிறது. படம் வரைவதற்காக எங்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது, அங்கே புதிதாக மாற்றலாகி வந்திருந்த உதவி ஸ்டேஷன் மாஸ்டர், படம் எதற்கு, ஓடுகிற ரயிலே தருகிறேன் என்றார். ஊரில் அவரை எல்லோரும் ஏ.எஸ்.எம். என்றே சொன்னார்கள். எங்கள் சபைக் கோயிலுக்கு ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் டூட்டிக்கு ஓடிவிடுகிற ஒல்லியான மனிதர். தம்பிமார்களையும் தங்கைமார்களையும் கரையேற்றிவிட்டுத் தனியாகக் குவார்ட்டர்ஸில் இருந்தார். வெளிநாடுகளில் பெரிய பெரிய ஆட்களே வீட்டுக்குள் குட்டி ரயில் விடுவார்களாம், சாமான் விற்க அதற்கென்று தனிக் கடைகளே உண்டாம். இவருக்குக் கடை, சந்தையில் உட்காரும் குடை ரிப்பேர்க்காரர்தான். உடைந்த குடைக் கம்பிகளை நிமிர்த்தித் தண்டவாளமாக்கி, கீழே தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டியிருந்தார். கரி எஞ்சின் மரத்தில் செய்து கறுப்படித்தது, ஒதுங்கி நிற்கும். டீசல் எஞ்சின் பால்மாவு டப்பாத் தகரத்தில் செய்தது. செம்மண் நிறத்தில் ஒரு மஞ்சள் பட்டை. அதன் வயிற்றுக்குள் கெட்டுப்போன டேப் ரிக்கார்டரின் மோட்டார். டார்ச் பேட்டரிகளிலிருந்து இரண்டு ஒயர்கள் பலகைக்கு அடியில் போய்த் தண்டவாளத்தைத் தொட்டால் அது ஓடும்.

ஆனால் கண்காட்சிக்கு வைக்க இன்னும் நிறைய வேலை இருந்தது. ஓர் ஆண் தினமும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து ஆணி அடிப்பது சரிப்படாது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். அண்ணனும் மைனியும் இருக்கிற வீடு என்றால் பாதகமில்லை என்பது அவர் அபிப்பிராயம். அந்த ஒழுக்கமான யோசனையால்தான் பின்னால் வந்தது எல்லாம் வந்தது.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது என்பது என் முடிவு. அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மற்ற வீடுகளில் நாத்தனாரும் மைனியும் கதை பேசிச் சிரிப்பதுபோல இவர்கள் சிரித்ததும் இல்லை. அத்தை அம்மாவைவிடச் சின்னவள், பேர் சொல்லியே கூப்பிடலாம், அம்மாவோ "டீச்சர்" என்பாள். "டீச்சர், வெந்நி காஞ்சிட்டு." "டீச்சர், குடை எடுத்துட்டுப் போங்க." வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல இருக்கும். ரயில் வந்த அன்றும் அம்மா, "இந்தத் தட்டுமுட்டு எப்ப இங்கருந்து போகும்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கண்காட்சியில் பேச என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டூட்டி முடிந்த சாயங்காலங்களில் ஏ.எஸ்.எம். வந்து மலைக்குகை கட்டுவார். அத்தை எனக்குப் பேச்சு சொல்லித்தருவாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாகக் காவல் இருப்பார்.

அத்தை சொல்லித்தந்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. தீ வெளியே எரிந்து தண்ணீரை ஆவியாக்கினால் அது கரி எஞ்சின். உள்ளேயே எரிந்தால் டீசல். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, அதுபோலக் காற்றை இறுக்கு இறுக்கென்று இறுக்கினால் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. ஆனால் அதை நேராகச் சக்கரத்தில் பூட்டி ரயிலை இழுக்கப் பார்த்தால் சரியாக வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு இருக்கிற பலம், நிற்கிற பாரத்தை அசைக்கும்போது இல்லை. ரொம்ப காலம் திண்டாடினார்கள். பிறகு அதைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரங்களைச் சுற்றவைத்தார்கள். நம் நாட்டுக்கு முதலில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தன, இப்போது காசியிலேயே செய்கிறார்கள்.

இதை நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அடுப்படிக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். "அப்போ அதால தானா கெளப்ப முடியாது. நடுவுல ஒரு ஆளு வேணும். அப்படித்தானே டீச்சர்?"

"அப்படியும் சொல்லலாம் மைனி" என்றாள் அத்தை.

மழை பலத்த ஒரு வாரம், டீசல் எஞ்சின் திடீரென்று நகர மறுத்தது. நான் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஏ.எஸ்.எம். வந்து தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஈரக்காற்றில் குடைக்கம்பி துருப்பிடித்திருந்தது. எலுமிச்சம்பழம் இருந்தால் தேய்த்துவிடலாம் என்றார். புளியங்குடியிலிருந்து வந்த பழம் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அம்மா நறுக்கிக்கொண்டுவந்து கொடுத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அத்தையும் உட்கார்ந்து ஆளுக்கொரு மூடியால் தண்டவாளத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

"கரி எஞ்சின்னா, காலையில வண்டிக்கு ராத்திரியே தீ மூட்டணும் டீச்சர்" என்றார் அவர். "டீசல் அப்படியில்ல. நெனச்சா கெளம்பிரும்."

"காத்திருந்தே பழகினவங்களுக்கு அது ஒத்துக்காதே சார்."

"பழகிக்கிட வேண்டியதுதான்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிற மாதிரி உதட்டோடு இல்லை, சத்தமாக. அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். அம்மா கத்தியைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் ஜாஸ்தி செலவாகிறது என்று கோபமோ என்று நினைத்தேன்.

அந்த வாரத்தோடு வேலை முடிந்தது. இனிமேல் கண்காட்சி அன்றைக்கு வந்தால் போதும் என்று ஏ.எஸ்.எம். சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மறுநாளே ரயில் நின்றுவிட்டது. துரு இல்லை. நான் மறுபடி ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவர் வந்து பலகைக்கு அடியில் குனிந்து பார்த்து, ஒரு ஒயர் கழன்றிருக்கிறது என்றார். மாட்டினார், ஓடியது, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து இன்னொரு ஒயர். அதற்கடுத்த வாரம் எஞ்சினுக்குள்ளேயே ஏதோ ஒன்று.

அப்பாவுக்கு ரயில்வே இலாகா மேல் பெரிய மரியாதை எப்போதும் இருந்ததில்லை, இருந்ததும் போயிற்று. ஒருநாள் தானே பழுது பார்க்கிறேன் என்று பலகைக்கு அடியில் நுழைந்தார். நுழைந்தவரால் வெளியே வர முடியவில்லை. நானும் அத்தையும் காலைப் பிடித்து இழுத்தோம். அதற்குப் பிறகு அவர் காவல் இருப்பதும் குறைந்தது. ஏ.எஸ்.எம். வருகிற நேரமாகப் பார்த்துத்தான் வீட்டில் சீனி தீர்ந்துபோகும். "ஏங்க, கேட்டீயளா, ஒரு எட்டு கடைக்குப் போய்ட்டு வாங்க" என்பாள் அம்மா.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வருவது வழக்கம். ஒருநாள் வந்தபோது அம்மா பலகைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு இருந்தாள். தோளில் ஒரு பழைய துணி.

"என்னம்மா செய்யுதே?"

"தூசி தட்டுதேன். ஒரு சாமானைக் கொண்டுவந்து வச்சா மட்டும் போதுமா, துடைக்க வேண்டாமா? நீ கையைக் கழுவு."

பிடிக்காத பொருளைக்கூட இப்படித் துடைத்து வைக்கிறாளே என்று எனக்கு அம்மா மேல் மரியாதை வந்தது. அன்று சாயங்காலமும் ரயில் ஓடவில்லை. நானே பலகைக்கு அடியில் பார்த்தேன். ஒயர் கழன்று தொங்குவது நன்றாகவே தெரிந்தது.

"அத்தை, இங்க பாருங்க, கழண்டு கெடக்கு. மாட்டிருவோமா?"

பள்ளிக்கூடத்து லேபில் எந்தச் சாமான் கெட்டாலும் அத்தைதான் சரிசெய்வாள். பியூன்கூட அவளைக் கேட்டுத்தான் பல்பு மாட்டுவார். அவள் பரீட்சைப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அதெல்லாம் சாருக்குத்தான் தெரியும். நீ தொடாதே. போய்ச் சொல்லிட்டு வா."

ஏ.எஸ்.எம். வந்தார். ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது தன்னால கழலுத மாதிரி தெரியலையே" என்றார், பொதுவாக.

"வண்டி ஓடுத அதிர்ச்சியில கழலும்லா" என்றது அடுப்படி.

"ஒயர் இல்லாம வண்டியே ஓடலையே அக்கா. அதிர்ச்சி எங்கருந்து வரும்?"

"காப்பி ஆறுது. குடிங்க."

அவர் குடித்தார். அதுவரை அவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் அம்மா அன்றைக்கு, "என்ன சார் சார்னுட்டு, மாமான்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

கண்காட்சி ஆண்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். கதவைக் கழற்றிப் பலகையைக் கொண்டுபோய் வைத்ததும், ஒரு கோளாறும் இல்லாமல் ரயில் ஓடியது. குகைக்குள் போய் வெளியே வருகிறதைப் பார்க்கப் பையன்கள் முண்டியடித்தார்கள். நடுவராக வந்த அதிகாரி என் பேச்சு முழுவதையும் கேட்டார். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஒரு கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காணாமல் போனார், பிறகு கடலில்தான் உடல் கிடைத்தது என்று நான் முடித்ததும், "விழுந்தாரா, தானே குதிச்சாரா?" என்று கேட்டார்.

பேச்சில் அதற்குப் பதில் இல்லை. ஒத்திகையின்போது நான் அதே கேள்வியைக் கேட்டதும் அத்தை சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே சொன்னேன். "யாருக்கும் தெரியாது சார். ஒரு ஆளு மனசுல என்ன இருந்துச்சுன்னு, கூடவே இருக்கவங்களுக்கும் தெரியாது. அவங்க கேக்கவும் மாட்டாங்க."

அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அத்தை பேட்டரிகளை எடுத்து வரிசைப்படுத்த ஆரம்பித்தாள். அப்பா ஏனோ ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு புகை கக்கிய ஒரு எரிமலைக்குப் போனது. பரிசு வாங்கி வந்தபோதுதான் ஏ.எஸ்.எம். சொன்னார், மானாமதுரைக்கு மாற்றல் வந்திருக்கிறது, அடுத்த மாதம் போகவேண்டும், ரயிலைக் குவார்ட்டர்ஸுக்கே எடுத்துப்போய்விடுகிறேன் என்று. அத்தை, "சரி சார்" என்றாள். அம்மாதான் குறுக்கே வந்தாள்.

"இப்ப எதுக்கு மழைக்குள்ள இழுத்துக்கிட்டு? அங்கனயே எங்க வீட்டுல இருக்கட்டும். ஊருக்குப் போறப்ப வந்து எடுத்துக்கிடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை ஒரு மாணவி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் ரயிலோடு இருந்தேன். அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் பேசுவது கேட்டது.

"அவளுக்கு இஷ்டமில்லன்னா?" என்றார் அப்பா.

"நீங்க கேட்டீயளா?"

"வீடு எப்படி ஓடும்னு யோசிச்சியா நீ?"

"யோசிச்சுட்டுத்தான் பேசுதேன். டீச்சர் சம்பளத்துல எம்பிள்ளை படிக்க வேண்டாம்."

அம்மா பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அத்தையைப் பிடிக்காது என்று தெரியும், அவள் பணத்தைக்கூட இவ்வளவு பிடிக்காது என்று தெரியாது. சாயங்காலம் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்து போனார். போகும்போது பலகையைத் தாண்ட, பக்கவாட்டில் திரும்பி, ஒரு நிமிஷம் நின்று, டீசல் எஞ்சினை ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. எனக்குப் புதுப் பாவாடை எடுத்ததும், பந்தியில் லட்டு இரண்டாகக் கிடைத்ததும் நினைவிருக்கிறது. அத்தை போய்விடுவாள் என்பது மட்டும் அவள் பெட்டி கட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை.

ஊருக்குப் போன அன்று பலகையை லக்கேஜ் வண்டியில் ஏற்றினார்கள். பிளாட்பாரத்தில் நான் அழுதேன், அப்பா என்னைவிட அதிகமாக அழுதார். அம்மா அழவில்லை. ஜன்னலருகே நின்று, பலகாரத் தூக்கில் எது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்கன தண்ணி எப்படியிருக்குன்னு தெரியல டீச்சர். உப்பா இருந்தா காப்பிக்கு மட்டுமாவது நல்ல தண்ணி பாத்து எடுங்க." அத்தை "மைனி" என்று ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாக அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கார்டு விசில் ஊதிய பிறகும் விடவில்லை. வண்டி நகர்ந்தபோது அம்மா அதோடு நாலு எட்டு நடந்துதான் கையை எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வழியாக விருந்தாளி போய்விட்டாள், இனி அம்மாவுக்கு நிம்மதிதான் என்று நான் கசப்போடு நினைத்துக்கொண்டேன். அத்தையின் அறையை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன். அது டீச்சர் அறை, லீவுக்கு வந்தால் எங்கே படுப்பார்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதுவும் என் கசப்பில் சேர்ந்தது.

அடுத்த மாதம் அப்பா முன்னறைக்கு ஒரு பழைய தையல் மெஷினைக் கொண்டுவந்து போட்டார். அம்மா பக்கத்துத் தெருவில் போய்த் தைக்கப் பழகிக்கொண்டு வந்தாள். முதலில் எனக்குப் பாவாடை, பிறகு தெருவுக்கெல்லாம் ஜாக்கெட், பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு யூனிபார்ம். நான் காலையில் எழுந்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும், பாடம் படித்து முடிக்கும்போதும் கேட்கும். காப்பிக்கு வெல்லம் போட ஆரம்பித்திருந்தோம், அது உடம்புக்கு நல்லது என்றாள் அம்மா. எனக்குக் கட்டவேண்டிய பள்ளிக்கூடச் சம்பளம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வகுப்பில் தோழிகள், உங்க அம்மா ஏன் இவ்வளவு தைக்கிறாங்க என்று கேட்டபோது, எனக்குப் பதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் அத்தை ஊருக்குப் போய்விட்டதால் அம்மாவுக்கு வீட்டில் வேலை குறைந்துவிட்டது, பொழுது போகவில்லை, அதனால்தான் தைக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.